உத்தராகண்டில் பனிச்சறுக்குக்குப் பேர்போன அவுலிக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைப்பித்தன்:
அவுலிக்குக் கீழே இருக்கிற ஜோஷிமட் ஊரில் மண் இறங்கி வீடுகள் விரிசல் விட்ட கதை எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. நாங்கள் போனது 2024 ஜனவரி. அதனால் முந்தைய ஜனவரியில் நிறுத்திய ஜோஷிமட்-அவுலி ரோப்வே அப்போதும் ஓடவில்லை, டாக்சியில்தான் மேலே ஏறினோம். சரிவு முழுக்கக் காய்ந்த புல். வாடகைக் கடையில் ஒருவர் ஒரு சின்னப் பையனுக்கு ஸ்கீ பூட்ஸ் மாட்டி, புல் மேலேயே நிறுத்தி, போட்டோ எடுக்க விட்டார். ஐம்பது ரூபாய். அவர் சறுக்கு சொல்லிக்கொடுக்கிறவராம். வெறும் போட்டோதானே என்று விடவில்லை மனுஷன். "முழங்காலை மடக்கு, பார்வை முன்னால்" என்று திருத்திக்கொண்டே இருந்தார். பையனின் அப்பாவுக்கே பொறுமை போய்விட்டது.

சேலத்தான்:
நான் 2019 பிப்ரவரியில் போனேன். முழங்கால் அளவு பனி. நாற்காலி லிஃப்டிலிருந்து இறங்கத் தெரியாமல் குப்புற விழுந்தேன், ஆபரேட்டர் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினார். எதிரே நந்தாதேவி சிகரம்! ஒரு வருஷம் காய்ந்தால் உடனே ஒப்பாரியா? 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டு நடந்த சரிவு அது. அப்போது வாங்கிய செயற்கைப் பனி எந்திரங்களை ஓட்டினாலே போதும்.

பத்ரி யாத்ரிகை:
நாங்கள் பனிக்குப் போகவில்லை. 2023 மே மாதம், பத்ரிநாத் போகிற வழியில் திருப்பிரிதி என்கிற திவ்யதேசத்து நரசிம்மரைச் சேவிக்க ஜோஷிமட்டில் இறங்கினோம். ஒரு சந்தில், சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட வீடு. அதன் வாசலில் ஒரு அம்மா பருப்பு காயவைத்துக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்தாயிற்றாம், பகலில் மட்டும் வந்து போகிறாராம். இங்கேதான் வெயில் நன்றாக விழுகிறதாம். ரோப்வே ஓடினால் பிழைப்பு திரும்பும் என்றார் அவர் மகன். ஆனால் ஊரே பழைய நிலச்சரிவு மண்மேல் இருக்கிறது, கனமான கட்டுமானம் வேண்டாம் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976லேயே சொல்லிவிட்டதே.

குளிர்விரும்பி:
எனக்குப் பெரிய கதை இல்லை, போன இடத்தில் பாதி நாள் மழை. சேலத்தான், எந்திரம் தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சும், அவ்வளவுதான். உறையவைப்பது காற்று. ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகாவிட்டால் சரிவில் சேறுதான் மிஞ்சும். 2023ல் அங்கே நடக்க இருந்த தேசியப் போட்டியே பனியில்லாமல் ரத்தானது. அப்புறம், போகிறவர்களுக்கு: டிசம்பரை நம்பாதீர்கள், ஜனவரி கடைசிக்கு மேல் பாருங்கள். காட்டன் சாக்ஸ், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் பனி இல்லாவிட்டால் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். பனி இல்லையா, மேலே இருக்கிற கோர்சன் புக்யால் புல்வெளி வரை நடந்துவிட்டு வாருங்கள். சறுக்கியே ஆகவேண்டுமென்றால் காஷ்மீரின் குல்மார்க்.

சேலத்தான்:
சரி, எந்திரத்தை விடுகிறேன். ஆனால் குல்மார்க் மட்டும் என்ன வாழ்ந்தது? 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியை மார்ச்சுக்குத் தள்ளித்தானே நடத்தினார்கள்? அவுலியிலும் ரத்து செய்யாமல் தேதியைத் தள்ளிப் பார்த்தால் என்ன?