வெயிலுக்குப் போய் வந்தால் அக்காவின் கால் இழுபடுகிறது: எம்.எஸ். திரும்பத் தாக்குகிறதா, வெக்கையா?

மூன்றாம்மாடி:
அக்காவுக்கு 34 வயது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, முள்ளந்தண்டு நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று தெரிந்து இரண்டு வருடம், தாக்கங்களைக் குறைக்க இன்டர்பெரோன் ஊசி போடுகிறார். மத்தியானத்தில் காலி வீதிக்கு இறங்கி சாமான் வாங்கிக்கொண்டு ஏறி வந்தால் வலது கால் இழுபடுகிறது, வலது கண் புகை மூடின மாதிரி மங்குகிறது. பேனுக்குக் கீழே படுத்தால் முக்கால் மணித்தியாலத்தில் சரி. இது புதுத் தாக்கமா? கொழும்பு வெள்ளவத்தையில் பிளட், ஏ.சி. இல்லை. ஈரத்துவாய் போட்டும் பெரிதாகக் கேட்கவில்லை.

வெள்ளைநூல்:
உடம்பு ஆறினதும் முழுதாகத் திரும்புகிறது என்றால் அது பெரும்பாலும் வெக்கைதான். 1890இல் ஜெர்மன் கண் வைத்தியர் ஊட்ஹோஃப் இதை விவரித்தார், அவர் பெயராலேயே சொல்வார்கள். மையலின் என்கிற காப்பு உறை கழன்ற நரம்பில் சமிக்ஞை ஏற்கனவே தட்டுத்தடுமாறித்தான் போகும். உடற்சூடு அரைப் பாகை ஏறினாலே சிலருக்கு அதுவும் நின்றுவிடும். சூடு இறங்கினால் திரும்ப ஓடும், புதுச் சேதம் இல்லை.

புதுத் தாக்கம் என்றால் அறிகுறி 24 மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் நிற்கும், காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்காது. அப்படி நின்றால் கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். தொடங்கிய நேரம், விட்ட நேரம் இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

எனக்குப் பயம் உங்கள் படிக்கட்டில். கால் இழுபடும் அந்த நேரத்தில்தான் விழுவது. கீழேயே ஒரு கதிரை போட்டு, ஆறின பிறகு ஏறச் சொல்லுங்கள்.

ஐஸ்பெட்டி:
ஈரத்துவாய் ஏன் கேட்கவில்லை என்றால், அது தண்ணி ஆவியாகித்தான் குளிர வைக்கும். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலே, ஆவியாக இடமில்லை. தண்ணியில் நனைத்துப் போடுகிற குளிர் அங்கிக்கும் இதே கதை, இங்கே அதற்குக் காசு கொட்டாதீர்கள். ஐஸ் பொதி வைக்கிற அங்கி வேறு, அது தொட்டுக் குளிர வைப்பது, இங்கேயும் வேலை செய்யும்.

வீட்டிலே செய்யக்கூடியது: வாளியில் 10 லீற்றர் தண்ணி, 1 கிலோ ஐஸ். 28 பாகைத் தண்ணி கிட்டத்தட்ட 18க்கு இறங்கும். இரண்டு கையையும் முழங்கை வரை 15 நிமிடம் வைத்திருக்க வேண்டும். வெளியே போய் வந்த பிறகு மட்டுமல்ல, போக *முன்னமே* செய்யுங்கள், அதில்தான் பலன் கூட. கூரைத் தாங்கித் தண்ணி பின்னேரம் சுடும், ஆகவே காலையிலேயே பிடித்து நிழலில் வையுங்கள்.

வழிக்கு அரை லீற்றர் போத்தல் இரண்டை உறைய வைத்து (ஒரு விரல் வெளி விடாவிட்டால் வெடிக்கும்) துவாயில் சுற்றிக் கொடுங்கள். கழுத்தில், கக்கத்தில் வைக்கலாம். விறைத்த இடத்தில் வெறும் ஐஸ் வேண்டவே வேண்டாம், தோலுக்கு உணர்வு இல்லாததால் புண்படுவது தெரியாது. குளிர் கூடினால் சிலருக்குத் தசை இறுகும், அப்படியானால் ஐஸைக் குறையுங்கள்.

சலச்சோதனை:
ஒன்று விட்டுப்போச்சு. வெயிலே படாமல் இப்படி வந்தால் முதலில் சலத்தை (சிறுநீரை) சோதியுங்கள். எரிவு, காய்ச்சல் ஒன்றும் இல்லாமலே சலத்தொற்று இருந்து கால்களைப் பலவீனப்படுத்தும். அதைப் பார்க்காமல் புதுத் தாக்கம் என்று ஸ்டெரொயிட் ஏற்றினால் தொற்று மோசமாகும். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும் என்று தண்ணியைக் குறைப்பவர்கள் அதிகம், அது தொற்றையும் மலச்சிக்கலையும்தான் கூட்டும்.

காய்ச்சல் என்றால் கொழும்பில் டெங்குவையும் நினைக்க வேண்டும். இன்டர்பெரோன் போட்ட இரவு வரும் காய்ச்சல் வழக்கமாக ஒரு நாளுக்குள் அடங்கும். அடங்காவிட்டால் ஊசிதானே என்று விடாதீர்கள், இரத்தம் சோதியுங்கள். பரசிற்றமோல் மட்டும்: 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இபுபுரோபன், டிக்லோபினாக், அஸ்பிரின் தொடவே கூடாது. இன்டர்பெரோனும் வெள்ளணுவைக் குறைக்கும், டெங்குவும் குறைக்கும், ஆகவே பார்க்கிற வைத்தியருக்கு ஊசியின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
மிக்க நன்றி. கரண்ட் போனால் ஊசிப் பேனாவை (இன்டர்பெரோன் மருந்து அடைத்து வருவது) என்ன செய்வது? பிரீசருக்குள் வைக்கலாமா?

ஐஸ்பெட்டி:
வேண்டாம்! உறைந்த பேனா போட உதவாது, இளகினாலும் எறியத்தான் வேண்டும். பிரிட்ஜில் 2 முதல் 8 பாகை, நடுத்தட்டில். கதவைத் திறக்காவிட்டால் நாலு மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேலே போனால் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் பொதி, அதற்கு மேல் தடித்த துவாய், பிறகு பேனா, ஐஸில் முட்டக்கூடாது. வெளியே எத்தனை நாள், எத்தனை பாகை வரை தாங்கும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். பலதுக்கு 25 பாகைதான், நம் வீட்டு அறை ராத்திரியிலும் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம்.