ஷாத்தோநெஃப் து பாப் ரெட் ஒயின் ஏன் இவ்ளோ கனமா இருக்கு?

லியோன்_கார்த்தி:
வணக்கம் மக்களே. ஆபீஸ் ஃப்ரெண்ட் வீட்டு டின்னர்ல ஷாத்தோநெஃப் து பாப்னு ஒரு பிரெஞ்சு ஒயின் ஊத்துனாங்க. இதுவரைக்கும் நான் குடிச்ச ரெட் ஒயின்லாம் இதுக்கு முன்னாடி தண்ணி மாதிரி ஆயிருச்சு, அப்படி வாய் நெறைய நிக்குது, நல்லா பழுத்த பழ வாசனை, பின்னாடியே மிளகு, தொண்டைல ஒரு சூடு. லேபிள்ல 14.5%னு இருக்கு, எந்த திராட்சைன்னு போடவே இல்ல. என்ன திராட்சை இது? கடைல ஆஸ்திரேலியா ஜிஎஸ்எம்னு ஒண்ணு பாத்தேன், அதுவும் இதுவும் ஒண்ணா?

ரோன்_ரசிகன்:
ஒரே திராட்சை இல்ல நண்பா, கலவை. மொத்தம் 13 வகைக்கு அனுமதி உண்டு, கறுப்பு வெள்ளைன்னு நிறத்தையும் பிரிச்சு எண்ணுனா 18. ஆனா பெரும்பாலும் க்ரெனாஷ் தான் ராஜா. அது லேட்டா பழுக்கும், வெயில் தாங்கும், சக்கரை எக்கச்சக்கமா ஏறும், அந்த சக்கரை தான் புளிக்கும்போது ஆல்கஹாலா மாறுது, நீங்க சொன்ன சூடும் கனமும் அதுல இருந்து வர்றது. தனியா விட்டா க்ரெனாஷ்ல நிறமும் துவர்ப்பும் கம்மி, சீக்கிரம் வயசாயிடும், அதனால நிறத்துக்கு சிராங்கிற திராட்சை, துவர்ப்புக்கும் பல வருஷம் தாங்குறதுக்கும் மூர்வெத்ர்ங்கிற திராட்சை சேப்பாங்க. அந்த மிளகு வாசனை சிராவோடது, ரோட்டண்டோன்னு ஒரு பொருள், நம்ம வீட்டு மிளகுலயும் அதே தான் இருக்கு!
ஷாத்தோநெஃப் து பாப்ங்கிறது தெற்கு பிரான்ஸ்ல, அவினியோன் நகரத்துக்கு வடக்கே இருக்குற ஊரு. போப்புங்க 1309ல இருந்து 1377 வரை அவினியோன்ல இருந்தாங்க, அதுல போப் 22ஆம் ஜான் இந்த ஊர்ல ஒரு கோட்டை கட்டுனாரு. 1923ல பாரோன் லெ ருவா தலைமைல விவசாயிங்க சேந்து எந்த நிலம், எந்த திராட்சை, எவ்ளோ ஆல்கஹால்னு விதி போட்டாங்க. 1936ல அரசு அங்கீகாரம் வந்துச்சு. இன்னிக்கும் கையால தான் பறிக்கணும், மெஷின் கூடாது. அப்புறம் தோட்டத்து மண்ணுல கெடக்குற உருண்டைக் கல்லு, பகல் வெயில வாங்கி வச்சு ராத்திரி கொடிக்கு குடுக்கும், அதான் சீக்ரெட்.

மணல்_கொடி:
அண்ணா மத்ததெல்லாம் சூப்பர், கல்லு விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். எல்லா தோட்டத்துலயும் அந்த கல்லு கிடையாது. அங்க ஷாத்தோ ரயாஸ்ங்கிற தோட்டம் மணல் நிலம், கிட்டத்தட்ட முழுக்க க்ரெனாஷ், நிறம் வெளிறி மென்மையா இருக்கும், ஆனா உலகமே அதுக்கு அடிச்சுக்குது. போகாஸ்டெல்ங்கிற இன்னொரு தோட்டம் நேர் எதிர், 13 வகையும் வளக்குறாங்க, மூர்வெத்ர் நெறைய. ஒரே ஊர், ரெண்டும் குடிச்சா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். கல்லை விட வெயிலும், மழைக்கப்புறம் அடிச்சு காய வைக்கிற மிஸ்ட்ரல் காத்தும் தான் முக்கியம்னு நெனைக்கிறேன்.

அடிலெய்டு_செல்வி:
ஜிஎஸ்எம்னா அதே மூணு தான் தம்பி, க்ரெனாஷ், ஷிராஸ் (சிரா தான்), மூர்வெத்ர். இங்க மூர்வெத்ரை மட்டாரோன்னும் சொல்லுவாங்க. இங்க தெற்கு ஆஸ்திரேலியால பரோசா, மெக்லாரன் வேல் பக்கம் 19ஆம் நூற்றாண்டுல நட்ட கொடிங்க இன்னும் காய்க்குது, ஏன்னா ஐரோப்பால தோட்டத்தையே அழிச்ச ஃபிலாக்ஸிரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வரவே இல்ல. பழம் இன்னும் தூக்கலா, ஜாம் வாசனையா இருக்கும், மூலிகை வாசனை பிரெஞ்சு ஒயின்ல தான் அதிகம். ரெண்டையும் 16, 17 டிகிரில குடிங்க, ரூம் சூட்டுல வச்சா ஆல்கஹால் மூக்குல ஏறும். மட்டன் சுக்காவோட அருமை.

லியோன்_கார்த்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி! விலை தான் ஜாஸ்தி, கம்மி விலைல இதே மாதிரி ஏதாவது இருக்கா?

ரோன்_ரசிகன்:
பக்கத்து ஊரு ஜிகோந்தாஸ், வக்கெராஸ் ரெண்டும் பாருங்க, அங்கயும் க்ரெனாஷ் தான் மெயின், விலை பொதுவா இறங்கி இருக்கும். ஜிகோந்தாஸ் கொஞ்சம் மலையடிவாரம், அதனால கனம் இருந்தாலும் ஒரு ஃப்ரெஷ்னஸ் உண்டு. நான் முதல்ல அதை தான் வாங்கச் சொல்லுவேன்.