மறு: ஃபோர்புஷ் டிக்ரீஸ் – "அண்டக்கதிர்த் தாழ்வு" எனலாமா?

ஐயா, வணக்கம்.

விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் அண்டக்கதிர்கள் திடீரெனக் குறைவதை ஆங்கிலத்தில் "ஃபோர்புஷ் டிக்ரீஸ்" (Forbush decrease) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்த "கதிர்வீழ்ச்சி" பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். "கதிர்வீச்சு" என்ற சொல்லுக்கு மிக அருகில் இருப்பதால் மாணவர்கள் குழம்புவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், கதிர் பூமியில் வந்து விழுவதைத்தான் அது குறிப்பதுபோல் தோன்றுகிறது. நடப்பதோ, வரவேண்டிய கதிர்கள் வராமல் போவது.

சூரியன் வெடித்துக் கக்கும் பிளாஸ்மாத் திரள் (மின்னூட்டம் கொண்ட சூடான வாயு) தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. அண்டக்கதிர்களில் பெரும்பாலானவை மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள். அந்தக் காந்தப் பின்னலில் பட்டுத் திசைமாறிவிடுகின்றன. அதனால் சில மணி நேரத்திலேயே நம்மை எட்டும் கதிர்கள் சில விழுக்காடு குறையும். பெரிய வெடிப்பென்றால் 10 விழுக்காட்டையும் தாண்டும். அப்புறம் மெல்ல மெல்ல, பல நாளில் பழைய அளவுக்குத் திரும்பும். அமெரிக்க இயற்பியலாளர் ஸ்காட் ஃபோர்புஷ் 1937-இல் காந்தப்புயலோடு (பூமியின் காந்தப்புலம் குலையும் நிகழ்வோடு) சேர்த்து இதைக் கண்டு எழுதினார்.

இந்தத் திரும்புதல் சொல்லில் இருக்க வேண்டும். "சரிவு" என்றால் சரிந்ததோடு கதை முடிகிறது. "காற்றழுத்தத் தாழ்வு" நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். வரும், சில நாள் இருக்கும், கடந்து போகும். அதே அச்சில் "அண்டக்கதிர்த் தாழ்வு" என்றால் விளக்கமே வேண்டாம். பெயரோடு சொல்ல "ஃபோர்புஷ் தாழ்வு". சட்டென்று விழும் வேகம் இந்தச் சொல்லில் இல்லை என்பது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் ஏற்படும் நீண்ட மாற்றத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே "குறைவு" என்பதே போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2015 ஜூன் 22 அன்று ஊட்டியில் கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி (அண்டக்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணும் கருவி) நேர்மாறாக ஒன்றைப் பதிவு செய்தது. சூரியத் திரள் மோதிப் பூமியின் காந்தக் கவசம் நலிந்தபோது, வழக்கமாக அங்கே எட்டாத ஆற்றல் குறைந்த கதிர்களும் உள்ளே வந்தன. சுமார் இரண்டு மணி நேரம் மியூவான்களின் எண்ணிக்கை கூடியது. நம் மலையில் பதிவான நிகழ்வு, அதற்கும் தமிழில் பெயர் வேண்டும் என்று ஆசை. தாழ்வுக்கு இணையாக "அண்டக்கதிர்ப் பெருக்கு" சரிவருமா? ஆற்றுப் பெருக்குபோல் வந்து வடிவதால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மின்னணுவியலில் "பெருக்கம்" என்பதற்குக் குறிகையின் வலிமையைக் கூட்டுவது (amplification) என்ற வேறு பொருள் இருக்கிறதே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ஐயா?