எர்லி டிசிஷனா, நிதியுதவியா? கையெழுத்திடும் முன் ஆலோசனை தேவை

கேள்வி

வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள், கடும் போட்டி நிலவும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும் என்ற கட்டாயத்துடன் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் முறையில்தான் விண்ணப்பிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். நவம்பர் 1 கடைசி நாள். அங்கே ஓராண்டுக்கான மொத்தச் செலவு 90,000 டாலரைத் தாண்டுகிறது. கணவரும் நானும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,85,000 டாலர் ஈட்டுகிறோம். வீட்டுக் கடனில் பாதியை அடைத்துவிட்டோம். மதுரையில் கணவர் பெயரில் ஒரு மனை இருக்கிறது. மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். நிதியுதவி போக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று இணையத்தில் மதிப்பிட்டுக் காட்டும் அந்தப் பல்கலைக்கழகத்தின் நெட் பிரைஸ் கால்குலேட்டர், நாங்கள் ஆண்டுக்கு 41,000 டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்கிறது. கடன் வாங்காமல் எங்களால் தர இயன்றது 32,000 வரைதான். இடம் கிடைத்து உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம் என்று பள்ளி ஆலோசகர் சொல்கிறார். அதை நம்பிக் கையெழுத்திடலாமா?

பதில் 1

சகோதரி, ஆலோசகர் சொல்வது உண்மைதான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் மாணவர், பெற்றோர், ஆலோசகர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே, நிதியுதவி கோரிய மாணவருக்கு அங்கே சேர்ந்து படிக்கப் போதுமான உதவி கிடைக்காவிட்டால், அவர் அந்த இடத்தை மறுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்த விதி நடைமுறையில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வரும். பெரும்பாலும் ஜனவரியிலேயே முன்பணம் கட்டச் சொல்வார்கள். அலுவலகங்கள் பாதி நாள் மூடிக் கிடக்கும் விடுமுறைக் காலத்தில், இடைப்பட்ட சில வாரங்களுக்குள் நீங்கள் மறுபரிசீலனை கோரி, ஆவணங்களை அனுப்பி, பதிலும் பெற்று முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒப்பிட்டுக் காட்ட வேறொரு தனியார் பல்கலைக்கழகத்தின் உதவிக் கடிதம் உங்கள் கையில் இருக்க வாய்ப்பில்லை. கட்டாயம் ஏதுமின்றி வழக்கமான காலக்கெடுவில் விண்ணப்பிக்கும் பொதுச் சுற்றில் என்றால் மார்ச் இறுதிக்குள் பெரும்பாலான முடிவுகள் வந்துவிடும், மே 1 வரை யோசிக்கலாம். எர்லி டிசிஷனில் நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்த அவகாசத்தைத்தான்.

ஒப்பிட வேறு கடிதம் இல்லாதபோது மறுபரிசீலனையில் பெரும்பாலும் எடுபடுவது புதிய தகவல்தான்: வேலை இழப்பு, பெரிய மருத்துவச் செலவு, பெற்றோரைப் பராமரிக்கும் செலவு, வருமானத்தில் ஒருமுறை மட்டும் வந்த தொகை போன்றவை. கால்குலேட்டர் சொன்ன அதே 41,000-த்தை உதவிக் கடிதமும் சொல்லுமானால், பல்கலைக்கழகத்தின் பார்வையில் உங்கள் தேவை முழுமையாக நிறைவேறிவிட்டது. ஆண்டுக்கு 9,000 என்றால் நான்கு ஆண்டுகளில் 36,000. ஆண்டுதோறும் கட்டணம் ஏறுவது தனி. இந்த இடைவெளி முன்பே தெரிந்திருந்தும், பேசிச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கையெழுத்திடுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

பதில் 2

வணக்கம் அம்மா. விலகுவதைப் பற்றி யோசிக்கும் முன், 41,000 என்ற அந்தத் தொகை எப்படி வந்தது என்று பாருங்கள். கூட்டரசின் மாணவர் உதவித் திட்டத்தில் பங்கேற்கும் கல்லூரிகள் 2011 அக்டோபர் முதல் இத்தகைய கால்குலேட்டரைத் தளத்தில் வைத்தாக வேண்டும். ஆனால் அது எவ்வளவு ஆழமாகக் கேள்வி கேட்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். சொந்தத் தொழில், வாடகை வருமானம், வெளிநாட்டுச் சொத்து ஆகியவை உள்ள குடும்பங்களுக்கு அதன் விடை பிசகுவது வழக்கம்.

மதுரை மனை சிறிய விஷயமல்ல. குடியிருக்கும் வீட்டைத் தவிர்த்த நிலமும் கட்டடமும் எந்த நாட்டில் இருந்தாலும் ஃபாஃப்சா (கூட்டரசின் நிதியுதவி விண்ணப்பம்), சிஎஸ்எஸ் புரொஃபைல் (பல தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த உதவிக்காகக் கேட்கும் விண்ணப்பம்) ஆகிய இரண்டிலும் இன்றைய மதிப்பை டாலருக்கு மாற்றிக் குறிப்பிட வேண்டும். குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை. சிஎஸ்எஸ் புரொஃபைல் கேட்கிறது, அதை எப்படி எடைபோடுவது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தீர்மானிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு 2018 இறுதியிலும், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2024 இறுதியிலும் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கிலிருந்து விலக்குவதாக அறிவித்தன. வேறு சில, வருமானத்தின் குறிப்பிட்ட மடங்கு வரை மட்டும் கணக்கில் எடுக்கின்றன. பாதிக் கடன் அடைந்த உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, இந்த ஒரு வேறுபாடே கட்ட வேண்டிய தொகையைப் பல ஆயிரம் டாலர் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம்.

மகன் கல்லூரிக்குச் செல்லும்போது இருவரும் இரண்டு ஆண்டுகள் ஒரே சமயத்தில் படிப்பார்கள். 2024–25 முதல் ஃபாஃப்சா சூத்திரம் அதைக் கருதுவதில்லை; ஆனால் சொந்த நிதியிலிருந்து உதவி தரும் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் இன்னும் கருதுகின்றன. இதை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தக் கால்குலேட்டரில் வீட்டைத் தவிர்த்த சொத்துக்கான கட்டமே இல்லை. அப்படியானால் 41,000 இன்னும் ஏறக்கூடும் என்று புரிகிறது. பொதுச் சுற்றுக்குப் போனால் இடம் கிடைக்கும் வாய்ப்பே பாதியாகிவிடும் என்று மகள் கலங்குகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 3

அவள் கலக்கம் நியாயமானது. எர்லி டிசிஷன் சுற்றில் அனுமதி விகிதம் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சுற்றில் விளையாட்டுக்காக முன்பே தேர்வானவர்களும், பல இடங்களில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் திரளாக இருக்கிறார்கள். அவர்களைக் கழித்துப் பார்த்தால், உங்கள் மகளைப் போன்ற ஒருவருக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு வெளியில் தெரியும் விகிதத்தைவிடச் சிறியது. உதவித் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பங்களுக்கு இந்த முறை பாதகமானது என்பது பழைய குறை. பிரின்ஸ்டன் 2006-இல் எர்லி டிசிஷனைக் கைவிடுவதாக அறிவித்ததும் இந்தச் சமமின்மையைச் சொல்லித்தான். 2011-இல் முன்கூட்டிய சுற்றைத் திரும்பக் கொண்டுவந்தபோது, சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லாத வடிவில்தான் கொண்டுவந்தது. ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி ஆகியவற்றிலும் முன்கூட்டிய சுற்று மாணவரைக் கட்டிப்போடுவதில்லை.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணுக்காகவோ திறமைக்காகவோ உதவித்தொகை தருவதில்லை. டியூக், ரைஸ், வாண்டர்பில்ட் போன்றவை சிலருக்குத் தருகின்றன. உங்கள் வருமானத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கு, சேரும் கட்டாயமில்லாத முன்கூட்டிய சுற்றான எர்லி ஆக்‌ஷனில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். எர்லி டிசிஷன் விண்ணப்பம் பொதுவாக இதற்குத் தடையாகாது. (வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: கூட்டரசின் உதவி அவர்களுக்குக் கிடையாது, பல பல்கலைக்கழகங்கள் அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே கருதி, உதவி கேட்பதையும் அனுமதி முடிவில் கணக்கில் எடுக்கின்றன.)

மனையின் மதிப்பு, வீட்டுக் கடன் மீதி, 2024 வருமான வரிக் கணக்கு ஆகியவற்றோடு அந்தப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதி, விண்ணப்பிக்கும் முன் ஒரு உத்தேச மதிப்பீடு தர இயலுமா என்று கேளுங்கள். சில கல்லூரிகள் தருகின்றன. பதில் 32,000-ஐ ஒட்டி வந்தால் மகள் மனநிறைவோடு கையெழுத்திடட்டும். அக்டோபர் இறுதிக்குள் தெளிவான பதில் வராவிட்டால் பொதுச் சுற்றுக்குச் செல்லுங்கள். எர்லி டிசிஷனின் இரண்டாம் சுற்று அங்கே இருந்தால், அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்தில் வரும்; கணக்கைச் சரிபார்க்க இன்னும் இரண்டு மாதங்கள் கிடைக்கும். எந்த வழியானாலும், 32,000 என்ற வரம்பை மகளிடம் இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் அனுமதிக் கடிதம் வந்த பிறகு அவள் அதை முதன்முறையாகக் கேட்கக் கூடாது.