ஆபீஸுக்கு புது லேப்டாப்: ஒரே மாடல், மூன்று விலை. எதை நம்பி ஆர்டர் போடுவது?

பேரேடு (கேள்வி)

வணக்கம். சின்ன கணக்கு அலுவலகம், ஆறு லேப்டாப் புதிதாக வாங்க வேண்டும். வேலை சாதாரணம்தான்: கணக்கு மென்பொருள், பெரிய எக்செல் ஷீட்கள், பிரவுசரில் இருபது முப்பது டேப், அவ்வப்போது வீடியோ மீட்டிங். இரண்டு பேர் வீட்டிலிருந்து ஆபீஸ் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப் போட்டு வேலை பார்ப்பார்கள். நான்கைந்து வருடமாவது ஓட வேண்டும்.

லெனோவா திங்க்பேட் இ14 பார்த்து வைத்திருக்கிறேன். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் ஒரு விலை. பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றில் ஒரு விற்பனையாளர் அதைவிட 15 சதவீதம் குறைத்து, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ப்ரோ என்று போட்டிருக்கிறார். கேள்விப்படாத ஒரு தளத்தில் பாதி விலை. மூன்றிலும் அதே படம், மூன்றிலும் இன்டெல் ஐ5 சிப். கடைசி ஆளை விட்டுவிடலாம் என்று தெரிகிறது. நடுவில் இருப்பவரை எப்படிச் சரிபார்ப்பது? விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

திருப்புளி

முதலில் ஒரு விஷயம். இ14 என்ற பெயரை வைத்து விலை ஒப்பிடவே முடியாது. அந்தப் பெயரில் பல தலைமுறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில் கட்டமைப்புகள். ஒப்பிட வேண்டியது பார்ட் நம்பரை. லெனோவாவில் அது பத்து எழுத்துக் குறியீடு. முதல் நான்கு எழுத்து மெஷின் டைப், மீதி ஆறு அந்தக் குறிப்பிட்ட கட்டமைப்பு. ஹெச்பியில் ப்ராடக்ட் நம்பர், அதன் பின்னால் # போட்டு மூன்று எழுத்து வரும். எந்த நாட்டுச் சந்தைக்கான சரக்கு, என்ன கீபோர்டு என்று அந்த மூன்றெழுத்து சொல்லிவிடும். டெல்லில் ஆர்டருக்கு ஏற்ப கட்டமைப்பதால், ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள ஏழு எழுத்து சர்வீஸ் டேக்தான் உண்மையான அடையாளம்.

விற்பனையாளரிடம் பார்ட் நம்பரைக் கேளுங்கள். கிடைத்ததும் லெனோவாவின் பிஎஸ்ரெஃப் தளத்தில் போடுங்கள். தொழிற்சாலையிலிருந்து என்ன ராம், என்ன எஸ்எஸ்டி, எந்த விண்டோஸ், எத்தனை வருட வாரண்டி என்று ஒரே பக்கத்தில் வரும். அங்கே 8 ஜிபி, 512 ஜிபி, ஓஎஸ் இல்லை என்று இருந்து, விற்பனையாளர் 16 ஜிபி, 1 டிபி, ப்ரோ என்கிறார் என்றால் விஷயம் புரிந்துவிடும்: பெட்டியைப் பிரித்து ராம், எஸ்எஸ்டியை மாற்றி, எங்கிருந்தோ ஒரு விண்டோஸ் லைசென்ஸ் கீ வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த 15 சதவீதம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். சட்டவிரோதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றிய பாகத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை. எஸ்எஸ்டி போனால் சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்து, இது எங்கள் பாகம் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பிறகு அந்த விற்பனையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பார்ட் நம்பரே தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த ஐ5. அது ஒன்றுமே சொல்லவில்லை, பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் பேசும். ஐ7-10510யு என்பதில் 4 கோர் (சிப்பில் தனித்தனியாக வேலை செய்யும் அலகு). ஐ5-1335யு என்பதில் 10 கோர், 12 த்ரெட். ஐ7 என்று பெரிதாகப் போட்டு பழைய சரக்கைத் தள்ளுவது வழக்கமான வேலை. ஏஎம்டியில் இன்னும் குழப்பம். ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்பில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 7520யு ஜென் 2 (ஜென் என்பது ஏஎம்டி சிப் வடிவமைப்பின் பெயர்), 7530யு ஜென் 3, 7540யு ஜென் 4. பெயரில் பத்து பத்துதான் வித்தியாசம், உள்ளே தலைமுறையே வேறு.

உங்கள் வேலைக்கு 16 ஜிபி ராம் குறைந்தபட்சம். அது எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்: முழுக்க போர்டில் சால்டர் செய்ததா, ஸ்லாட் இருக்கிறதா? ஸ்லாட் காலியாக இருந்தால் பிற்பாடு ஏற்றிக்கொள்ளலாம். சால்டர் என்றால் வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசி வரை. ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி வேகம், டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது) கிடைக்கும். எக்செல்லில் பெரிதாகத் தெரியாது. உள்ளமை கிராஃபிக்ஸ் சிஸ்டம் ராமையே பயன்படுத்துவதால், வெளியே இரண்டு மானிட்டர் போட்டால் தெரியும்.

சீல்உடைப்பு

திருப்புளி சொன்னதோடு விண்டோஸ் பற்றி ஒன்று. ரிமோட் டெஸ்க்டாப்பில் யாருக்கு ப்ரோ வேண்டும் என்பதில் பலரும் குழம்புகிறார்கள். எந்தக் கணினிக்குள் நுழைகிறோமோ அதில் ப்ரோ இருக்க வேண்டும். வீட்டிலிருந்து இணைக்கும் கணினியில் ஹோம் இருந்தாலே போதும். ஆனால் அலுவலக நெட்வொர்க் டொமைனில் சேர்ப்பது, குரூப் பாலிசி (எல்லாக் கணினிக்கும் ஒரே விதி போடுவது), பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்கம்) நிர்வாகம் என்று போனால் எல்லாவற்றுக்கும் ப்ரோ வேண்டும். கணக்கு அலுவலகம், வாடிக்கையாளர் ஆவணம் எல்லாம் டிஸ்கில் இருக்கும். ஆறிலும் ப்ரோவே எடுங்கள், தொழிற்சாலையிலேயே போட்டதாக.

விண்டோஸ் 10 போட்ட புது லேப்டாப் என்று யாராவது விற்றால் தொடாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அது கிடங்கில் கிடந்த சரக்கு, வாரண்டியில் ஒரு பகுதி ஏற்கெனவே ஓடியிருக்கவும் கூடும்.

விற்பனையாளரைச் சரிபார்க்க:

ஷாப்பிங் தளத்தில் "விற்பவர்" வேறு, "அனுப்புபவர்" வேறு. தளத்தின் கிடங்கிலிருந்து வருகிறது என்பதால் தளமே உத்தரவாதம் என்று ஆகாது. விற்பவரின் பெயரை அழுத்தி உள்ளே போய் மற்ற பொருட்களைப் பாருங்கள். பல வருடமாக மொபைல் கவரும் சார்ஜிங் கேபிளும் விற்றவர் திடீரென்று நூறு லேப்டாப் போட்டிருந்தால், அது களவாடப்பட்ட கணக்காக இருக்க நல்ல வாய்ப்பு. பழைய நல்ல ரேட்டிங் எல்லாம் கேபிளுக்கு வந்தது, லேப்டாப்புக்கு அல்ல. "ஆர்டர் போடும் முன் எங்களைத் தொடர்பு கொள்ளவும்" என்ற வரி விளம்பரத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தளத்துக்கு வெளியே பணம் வாங்கத்தான் அந்த வரி.

தனித் தளம் என்றால் பிரவுசரில் பூட்டுப் படம் இருப்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இணைப்பு குறியாக்கம் ஆகிறது என்றுதான் அதற்கு அர்த்தம், மோசடித் தளமும் அதை இலவசமாக வாங்கலாம். ஹூஇஸ் (தள முகவரிப் பதிவு விவரம்) தேடலில் அந்தத் தள முகவரி எப்போது பதிவானது என்று பாருங்கள். போன மாதம் பதிவான தளம் "இருபது வருட அனுபவம்" என்று சொன்னால் முடிந்தது கதை. பிராண்டு பெயரோடு அவுட்லெட், அஃபிஷியல் என்று ஒட்டிய முகவரிகளும் அப்படியே. லெனோவா, ஹெச்பி, டெல் மூவருமே அங்கீகரிக்கப்பட்ட பார்ட்னர் பட்டியலைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கிறார்கள். கடையின் பெயர் அதில் இருக்கிறதா என்று அங்கே போய்த் தேடுங்கள். கடையே தரும் சான்றிதழ் படத்தை நம்ப வேண்டாம்.

பணம் கிரெடிட் கார்டில். பொருள் வரவில்லை என்றாலோ வேறு பொருள் வந்தாலோ சார்ஜ்பேக் (கார்டு வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். நேரடியாக வங்கிக் கணக்கில் போட்ட பணத்துக்கு அந்த வழி இல்லை. "கார்டு கேட்வே இன்று வேலை செய்யவில்லை, கணக்கில் போட்டால் இன்னும் 5 சதவீதம் குறைக்கிறோம்" என்று வந்தால் விலகிவிடுங்கள்.

சார்ஜ்பேக்கையும் தோற்கடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. அதே அஞ்சல் பகுதியில் வேறு யாருக்கோ ஒரு காலிக் கவரை அனுப்பிவிட்டு, "டெலிவர்ட்" என்று வரும் டிராக்கிங்கைக் காட்டி வாதாடுவார்கள். கூரியரிடம் டெலிவரி முகவரியையும் பார்சல் எடையையும் எழுத்தில் கேளுங்கள். 14 அங்குல லேப்டாப் பெட்டியும் சார்ஜருமாகப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்குக் குறையாது. 150 கிராம் என்று பதிவாகியிருந்தால் உங்கள் வழக்கு பாதி ஜெயித்த மாதிரி.

பேரேடு

நன்றி, இருவருக்கும். நடுவில் இருப்பவரிடம் பார்ட் நம்பர் கேட்டேன், கொடுத்தார். பிஎஸ்ரெஃபில் 8 ஜிபி, 512 ஜிபி, ஓஎஸ் இல்லை. திருப்புளி சொன்னது அப்படியே சரியாகிவிட்டது. இப்போது இரண்டு கேள்வி. தயாரிப்பாளர் தளத்தில் 8 ஜிபி மாடலை எடுத்து நானே ராம் ஏற்றினால் வாரண்டி போகுமா? வாங்கிய பிறகு பெட்டி உண்மையிலேயே புதுசா என்று எப்படிப் பார்ப்பது?

திருப்புளி

வாரண்டி போகாது. திங்க்பேடில் ஸ்லாட் ராம் வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகம் என்று அவர்களே வகைப்படுத்தி, ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவலில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். நீங்கள் போட்ட ஸ்டிக்குக்கு ஸ்டிக் கம்பெனி பொறுப்பு, மற்றதற்கு லெனோவா. பழைய ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அதை மாட்டித்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பழி உங்கள் ஸ்டிக் மேல்தான் விழும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தனியாக வாங்கிப் போட்டால் லாபம் என்பது பழைய விதி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது, சில கட்டமைப்பில் தொழிற்சாலையிலேயே 16 ஜிபி எடுப்பது மலிவாக முடியும்.

பூட்லோடர்

பெட்டி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன். திரும்பக் கொடுக்கும் அவகாசம் டெலிவரி தேதியிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. ஆறையும் வந்த அன்றே பாருங்கள்.

பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கூரியர் லேபிள், டேப், பெட்டியின் சீரியல் நம்பர் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பெட்டி, லேப்டாப்பின் அடிப்பாகம், பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) மூன்றிலும் சீரியல் ஒன்றாக இருக்க வேண்டும். பயாஸுக்குள் போக ஆன் செய்தவுடன் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டால் அது யாரோ பயன்படுத்திய மெஷின். அங்கேயே கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் (திருட்டுத் தடுப்பு, கண்காணிப்பு வசதி) என்ற பகுதியையும் பாருங்கள். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால் வேறொரு நிறுவனத்தின் சொத்தாக இருந்திருக்கிறது என்று பொருள்.

முதல் செட்டப்பை இணையத்தோடு செய்யுங்கள், ஆஃப்லைனில் தாண்டிவிடாதீர்கள். சம்பந்தமில்லாத ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து "உங்கள் அலுவலகக் கணக்கில் நுழையுங்கள்" என்று கேட்டால் அது ஆட்டோபைலட் (நிறுவனக் கணினிகளை மைக்ரோசாஃப்ட் வழியாக அமைக்கும் முறை) பதிவு. மெஷினின் வன்பொருள் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்ட் பக்கம் பதிவாகியிருக்கும், விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் வரும். பழைய நிறுவனம் பதிவை நீக்கினால்தான் போகும், அல்லது மைக்ரோசாஃப்டிடம் உரிமை ஆவணத்தோடு போராட வேண்டும். எனவே திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

உள்ளே போனதும் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் சப்போர்ட் தளத்தில் போடுங்கள். வாரண்டி தொடங்கிய தேதி, எந்த நாட்டுக்கானது, ஆன்சைட்டா நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதா, எல்லாம் வரும். தேதி மட்டும் சில மாதம் முன்னதாக இருந்தால் பயப்பட வேண்டாம், விநியோகஸ்தருக்கு அனுப்பிய நாளிலிருந்து ஓடியிருக்கும். ரசீதைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். நாடே வேறு என்றால் அது கிரே இம்போர்ட், அதாவது வேறு சந்தைக்கான சரக்கை தயாரிப்பாளரின் வழியில்லாமல் கொண்டுவந்தது.

லைசென்ஸுக்கு விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, சாய்வுக்கோடு (/), டிஎல்ஐ என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வரும் சின்ன ஜன்னலில் ஓஇஎம்_டிஎம் சேனல் என்று இருந்தால் தொழிற்சாலைக் கீ, மதர்போர்டிலேயே பதிந்தது. வால்யூம் எம்ஏகே அல்லது கேஎம்எஸ்கிளையண்ட் என்று இருந்தால், வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்த கீயை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்று ஆக்டிவேட்டடு என்று காட்டும், ஒரு நாள் மைக்ரோசாஃப்ட் முடக்கும்.

எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு பவர் ஆன் ஹவர்ஸ் (டிஸ்க் ஓடிய நேரம்) பாருங்கள். தொழிற்சாலைச் சோதனையில் சில மணி நேரம் ஏறியிருக்கும், அது சகஜம். நூற்றுக்கணக்கில் இருந்தால் பழைய டிஸ்க். பேட்டரிக்கு கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்வுக்கோடு, பேட்டரிரிப்போர்ட், இதுவும் ஆங்கில எழுத்தில். உருவாகும் ஃபைலை பிரவுசரில் திறந்து டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்கள். புதியதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கி, சைக்கிள் கவுண்டும் (சார்ஜ் சுற்று எண்ணிக்கை) ஐம்பது அறுபது என்று நின்றால் அது ஓபன் பாக்ஸோ (பிரித்துத் திருப்பிக் கொடுத்தது) ரீஃபர்பிஷ்டோ (பழையதைச் சரிசெய்தது). அந்தப் பெயரில் விற்றால் தப்பில்லை, புதுசு என்று விற்றால் திருப்பி அனுப்புங்கள்.

சீல்உடைப்பு

விலையைக் குறைப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆறு எண்ணிக்கை என்றால் தளத்தில் கார்ட்டில் போடாதீர்கள். தயாரிப்பாளரின் பிசினஸ் பிரிவில் கணக்குத் திறந்து கோட்டேஷன் கேளுங்கள், அதே பார்ட் நம்பரை இரண்டு அங்கீகரிக்கப்பட்ட பார்ட்னரிடமும் கேளுங்கள். தளத்தில் கோடு அடித்துக் காட்டும் "அசல் விலை" பெரும்பாலும் ஒப்புக்கு. யாரும் அதைக் கொடுப்பதில்லை, தள்ளுபடி சதவீதத்தை அதிலிருந்து கணக்கிடாதீர்கள். காலாண்டு முடியும் வாரங்களில் விற்பனைப் பிரிவு இறங்கி வரும். புதுத் தலைமுறை அறிவித்த சில வாரத்தில் முந்தைய தலைமுறை இறங்கும், உங்கள் வேலைக்கு அது தாராளம். ரசீது நிறுவனத்தின் பெயரிலும் வரிப் பதிவு எண்ணோடும் வர வேண்டும் என்று ஆர்டருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

விலை குறைக்க மறுத்தால் மூன்று வருட ஆன்சைட் (இன்ஜினியர் நம் இடத்துக்கே வரும்) வாரண்டியை அதே விலையில் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். அதில்தான் அவர்கள் கை கொஞ்சம் தளரும்.

பேரேடு

சரி, கோட்டேஷன் கேட்டு அனுப்பிவிட்டேன். பார்ட் நம்பர், ஓஎஸ், வாரண்டி வகை மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.