அம்மாவுக்கு 69 வயசு, திரும்ப யோகா கிளாஸ்ல சேர்க்கலாமா?

தேன்சிட்டு:
அம்மாவுக்கு பிபி மாத்திரை ரொம்ப வருஷமா ஓடுது, முட்டி வலியும் உண்டு, போன வருஷம் ஸ்கேன்ல எலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்குன்னு வேற சொன்னாங்க. போன மாசம் ஒரு கிளாஸ்ல சேர்த்தேன், எல்லா வயசுக்காரங்களும் ஒண்ணா செய்யற கிளாஸ், ரெண்டாவது நாளே குனிஞ்சு கால் விரலைத் தொடச் சொல்லி முதுகுல கை வச்சு அமுக்கியிருக்காங்க, வீட்டுக்கு வந்து மூணு நாள் நிமிர முடியல. இப்ப யோகான்னாலே வேண்டாங்கறாங்க. ஆனா பாத்ரூம் போறதுக்கே சுவரைப் பிடிச்சுக்கிட்டு போறதைப் பார்த்தா விழுந்துடுவாங்களோன்னு எனக்கு பயமா இருக்கு. எதைப் பார்த்து கிளாஸ் தேர்ந்தெடுக்கறது?

மூச்சுப்பயிற்சி:
60 தாண்டினவங்களுக்குத்தான் நான் கிளாஸ் எடுக்கறேன் சகோ, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. முதல்ல டாக்டர்கிட்ட முதுகைக் காட்டிடுங்க. எலும்பு பலமில்லாதவங்களுக்கு முதுகெலும்புல லேசா நொறுங்கினாகூட வெறும் பிடிப்பு மாதிரிதான் தெரியும். முதுகை வளைச்சு குனியறப்ப பாரம் எல்லாம் முள்ளெலும்போட முன்பக்கத்துல போய் இறங்குது, அதனாலதான் இவங்களுக்கு உட்கார்ந்து குனியற பச்சிமோத்தானாசனம், நின்னு குனியற பாதஹஸ்தாசனம், உடம்பை இறுக்கித் திருப்பற ஆசனம் எதுவும் நான் குடுக்கறதில்லை. குனியணும்னா முதுகு நேரா இருக்கணும், இடுப்புலேர்ந்து மடங்கணும், அவ்ளோதான். பிபி இருக்கறதால மூச்சை அடக்கற கும்பகம், வேகமா அடிக்கிற கபாலபாதி, பஸ்த்ரிகா வேண்டாம், மூக்கை மாத்தி மாத்தி மெதுவா மூச்சு விடற நாடிசுத்தி போதும். கண் அழுத்தம் இருக்கான்னும் கேட்டு வச்சுக்கங்க, இருந்தா தலைகீழா நிக்கற எதுவும் ஆகாது. நல்ல டீச்சரா இல்லையான்னு முதல் நாளே தெரிஞ்சிடும், என்ன மாத்திரை போடறீங்க, ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா, சமீபத்துல கீழ விழுந்தீங்களான்னு கேட்காம பாயை விரிக்கச் சொன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

நடைராஜா:
இவ்ளோ ரிஸ்க் எதுக்குங்க, தினம் அரை மணி நேரம் வாக்கிங் போனா போதாதா?

கிழக்குஜன்னல்:
வாக்கிங் நல்லதுதான் நடைராஜா, ஆனா அது மட்டும் பத்தாது. உலக சுகாதார நிறுவனம் 65 தாண்டினவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி சொல்றதோட, பேலன்ஸுக்கும் தசை வலுவுக்கும் வாரத்துல 3 நாளாவது தனியா செய்யச் சொல்லுது. எங்க அப்பாவுக்கு 74, நாற்காலி யோகாதான் செய்யறார். சக்கரம் இல்லாத, கைப்பிடி இல்லாத நாற்காலி, சுவரோட ஒட்டிப் போட்டு, வெறுங்காலோட. முதல் மாசம் முழுக்க நாற்காலியோட முதுகைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்கறதும், கையை ஊனாம உட்கார்ந்து எழுந்திரிக்கறதும்தான். அப்புறம்தான் ஒத்தக்கால்ல நிக்கற விருக்ஷாசனம், அதுவும் கட்டை விரல் தரையிலயே இருக்க, குதிகாலை மட்டும் இன்னொரு கணுக்கால்ல சாய்ச்சு வச்சு. தரையிலேர்ந்து எழுந்திரிக்கறதையும் ஒரு பாடமாவே சொல்லிக் குடுத்தாங்க. ஒருக்களிச்சு படுத்து, கையை ஊனி முட்டி போட்டு, நாற்காலி சீட்டுல ரெண்டு கையையும் வச்சு, வலுவான காலை முன்னாடி ஊனி எழுந்திரிக்கணும். உங்கம்மாவுக்கு முட்டி வலி இருக்கறதால கீழ மடிச்ச போர்வை போடுங்க, முதுகு சரியானப்புறம் பக்கத்துல ஒருத்தர் நின்னு செய்ய வைங்க.

மூச்சுப்பயிற்சி:
கிழக்குஜன்னல் சொன்னதோட ஒண்ணு, பிபி மாத்திரை போடறவங்க கடைசில மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கற சவாசனத்துலேர்ந்து சட்டுனு எழுந்தா தலை சுத்தும், வலது பக்கம் திரும்பி கொஞ்சம் இருந்து, உட்கார்ந்து, அப்புறம்தான் நிக்கணும். தரையில படுக்க பயந்தா நாற்காலியிலேயே சாய்ஞ்சு கண்ணை மூடினா போதும், தப்பே இல்லை.

தேன்சிட்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நாற்காலியில உட்கார்ந்துதான்மா செய்யணும், யாரும் முதுகுல கை வைக்க மாட்டாங்கன்னு சொன்னேன், "நீயும் கூட வர்றியா"ன்னு கேட்டாங்க. வர்றேன்னு சொல்லிட்டேன்.