வயலின் யாரோடது?

காரைக்குடி வீணை: நேத்து இங்க ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்காரு, சினிமா பாட்டுல ராகம்ங்கிறது மேல தூவுற கொத்தமல்லி, கொழம்பே வெஸ்டர்ன்தான், அந்த வயலின எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு. படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்துலயே நம்ம கச்சேரிக்கு வந்துட்ட வாத்தியம், சம்மணம் போட்டு உக்காந்து வாசிக்கிறோம், ச-ப-ச-பன்னு சுருதி கூட்டுறோம், இன்னுமா அது வெள்ளக்காரன் சாமான்?

மேஜர்மைனர்: எழுதுனது நான்தாண்ணே. நான் கச்சேரி வயலினச் சொல்லல. ரெக்கார்டிங்ல வரிசையா உக்காந்து நோட்ஸ் பாத்து ஒண்ணா வில்லு போடுறாங்களே, அது ஜி-டி-ஏ-ஈன்னு வெஸ்டர்ன் சுருதி. 1961ல இசையமைப்பாளர் சலில் சௌத்ரி மொசார்ட்டோட 40வது சிம்பனிய இந்திப் பாட்டாவே ஆக்குனாரு, அதுல என்ன ராகம் தேடுவீங்க?

காரைக்குடி வீணை: நான் கேட்டது வயலின், நீ பம்பாய்க்குப் போற. சிந்து பைரவி 1985, இளையராஜாவுக்கு தேசிய விருது. அதுல ஒரு பாட்டு நாட்டுப்பாட்டுல ஆரம்பிச்சு மரி மரி நின்னே கீர்த்தனைல போய் நிக்கும், சுத்தமான சாரமதி ராகம். இது கொத்தமல்லியா?

மேஜர்மைனர்: தியாகராஜர் அந்தக் கீர்த்தனைய காம்போதி ராகத்துல போட்டாரு, சாரமதிக்கு மாத்துனது ராஜா. அவரே 1986ல ஹவ் டு நேம் இட் ஆல்பத்த தியாகராஜருக்கும் பாக்ங்கிற (Bach) வெஸ்டர்ன் இசையமைப்பாளருக்கும் சேத்துத்தான் சமர்ப்பணம் பண்ணாரு. பாக் பேரு மட்டும் உங்க கண்ணுல படாதே.

ஆத்தங்குடி ஆச்சி: தம்பிகளா, ஏவிஎம் நம்ம காரைக்குடியில இருந்தப்ப எடுத்த படந்தான் நாம் இருவர், 1947. டி.கே. பட்டம்மா பாரதியார் பாட்டு பாடுனாங்க, எங்க அப்பச்சி கடைசி வரைக்கும் அதத்தான் முணுமுணுப்பாக. அதுல யாரு சிம்பனி கேட்டா?

தேவகோட்டைக்காரன்: ஆச்சி, ஸ்டுடியோ இருந்தது தேவகோட்டை ரஸ்தா. பேர்லயே எங்க ஊரு இருக்கு.

ஆத்தங்குடி ஆச்சி: ரஸ்தாலேர்ந்து காரைக்குடி எட்டுற தூரம். போன மாசம் கந்தரப்பமும் ஒங்க ஊருதுன்னு நின்னீகள்ல, நான் மறக்கல.

தேவகோட்டைக்காரன்: அதையும் இன்னைக்கும் சொல்லுவேன்.

காரைக்குடி வீணை: பலகாரப் பேச்ச வேற எடத்துல வச்சுக்கங்க. வயலினுக்கு இன்னும் பதில் வரல. கமகம், அதான் சுரத்த அசைச்சு வளைச்சு வாசிக்கிறது, அத வாசிக்கிற கைல இருந்தா அது நம்ம வாத்தியம். நான் 22 வருஷமா வீணை வாசிக்கிறவன், எனக்குத் தெரியாதா?

மேஜர்மைனர்: வீணை வாசிச்சா வயலின் தெரிஞ்சிருமாண்ணே? ரெக்கார்டிங்ல வரிசையா உக்கார்ற அந்த வயலின்காரங்கள்ல எத்தன பேரு கமகம் வாசிக்கிறாங்க, அத மட்டும் சொல்லுங்க.

காரைக்குடி வீணை: ச-ப-ச-ப. இன்னும் எத்தன தடவ சொல்றது.